புங் கிராமத்து ஹோம்ஸ்டே: சாப்பாட்டுக்காகப் போங்கள், சாமியாட்டம் பார்க்கப் போகாதீர்கள்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழுக்கப் படிக்க நேரம் இல்லாதவர்கள் இந்தப் பத்தியோடு நிறுத்திக்கொள்ளலாம். நேபாளம், சோலுகும்பு மாவட்டம், ஹொங்கு ஆற்றுப் பள்ளத்தாக்கில் புங் என்று ஒரு ஊர். அங்கே ஒரு குலுங் விவசாயக் குடும்பம் நடத்தும் ஹோம்ஸ்டேயில் போன கார்த்திகையில் நானும் என் வீட்டுக்காரரும் தங்கினோம். சாப்பாடு அருமை. மனிதர்கள் தங்கம். படுக்கை சுத்தம். கழிப்பறைக்கு முற்றத்தைத் தாண்டிப் போகவேண்டும், அவ்வளவுதான். ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். இந்த இடத்தை எங்களுக்கு விற்ற காத்மாண்டு ஏஜென்சிக்கு மட்டும் ஒன்றும் கொடுக்கமாட்டேன். ஏன் என்பதற்குத்தான் மீதி எழுத்து.

குலுங் மக்களைப் பற்றி நம் ஊரில் யாருக்கும் அதிகம் தெரிந்திருக்காது. போகும்வரை எனக்கும் பெயர்தான் தெரியும். கிழக்கு நேபாளத்து கிராத் இனங்களில் ராய் என்பது பெரிய குடும்பம். அதில் ஒரு கிளை இவர்கள். இவர்களுக்கென்று தனி மொழி உண்டு, திபெத்திய-பர்மிய வகை. 2011 மக்கள்தொகைக் கணக்கில்தான் முதன்முதலாகத் தனி இனமாக எண்ணினார்கள். அப்போது அந்த மொழியைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 33 ஆயிரம் பேர். 2017இல் நேபாளம் உள்ளாட்சிகளை மாற்றி அமைத்தபோது புங், செஸ்காம், குதேல் பக்கத்து ஊர்களைச் சேர்த்து மகாகுலுங் என்ற பெயரிலேயே ஒரு ஊரக நகராட்சி வந்தது.

எவரெஸ்ட் இருக்கும் அதே மாவட்டம்தான். ஆனால் எவரெஸ்ட் பார்க்க வருகிறவர்கள் லுக்லா விமான நிலையத்தில் இறங்கி வடக்கே போய்விடுகிறார்கள். இந்தப் பள்ளத்தாக்குக்கு அதில் கிடைப்பது பெரும்பாலும் சுமை தூக்கும் வேலைதான். 6,476 மீட்டர் மேரா சிகரத்துக்குப் போகிறவர்களின் கூடாரத்தையும் அரிசியையும் முதுகில் ஏற்றிக்கொண்டு போகிறவர்களில் நிறையப் பேர் இந்தச் சரிவுகளில் பிறந்தவர்கள். எங்கள் வீட்டுப் பெரியவரும் இளவயதில் அதைச் செய்தவர்தான்.

வழி: காத்மாண்டிலிருந்து மாவட்டத் தலைநகரான சல்லேரிக்கு ஷேர் ஜீப். விடிவதற்கு முன் ஏறினால் இருட்டிய பிறகு இறக்கிவிடுவார்கள். பி.பி. நெடுஞ்சாலை 2024 செப்டம்பர் வெள்ளத்தில் பல இடங்களில் ஆற்றோடு போனது. அதனால் யார் எத்தனை மணி நேரம் என்று சொன்னாலும் அதோடு இரண்டைக் கூட்டிக்கொள்ளுங்கள். சல்லேரியில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு, மறுநாள் சோதாங் வழியாக மண்பாதை. மழை இல்லாத மாதங்களில் ஜீப் புங் வரைக்கும் போகிறது. மழைக்காலத்தில் எதையும் நம்பாதீர்கள். பாதையின் ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் ஒன்றுமே இல்லை. என் வீட்டுக்காரர் வழி முழுக்க மலைப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஊர் ஒரே இடத்தில் கூடி இருக்காது. சரிவு முழுக்கப் படிப்படியாக வயல், நடுநடுவே வீடுகள். கீழ் புங்கிலிருந்து மேல் புங்குக்கு ஏறுவதே ஒரு காலை வேலை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் குதேல், கூப்பிட்டால் கேட்கும்போலத் தெரிகிறது. ஆனால் அங்கே நடந்து போகவேண்டுமென்றால் ஆறு வரைக்கும் இறங்கி மறுபடி ஏறவேண்டும். முட்டி தேய்ந்தவர்கள் பார்த்து ரசிப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வீடு கல்லும் மண்ணும் வைத்துக் கட்டியது, இரண்டு தளம், மேலே நீலத் தகரம். மாடியில் விருந்தினருக்கு இரண்டு அறைகள். கட்டில், பஞ்சு மெத்தை, அதன்மேல் கனமான ரஜாய். நல்ல குளிர், ரஜாய் போதும், ஆனாலும் காலுறையோடு படுங்கள். சார்ஜ் போட ஒரு பிளக் இருக்கிறது, மின்சாரம் மாலையில் மங்கும். வெந்நீர் கேட்டால் அடுப்பில் காய்ச்சி வாளியில் கொடுப்பார்கள். அந்த விறகை யாரோ முதுகில் சுமந்து வந்திருக்கிறார்கள் என்பதைக் கண்ணால் பார்த்த பிறகு தினமும் குளிக்கும் ஆசை தானாகவே போய்விட்டது. கழிப்பறை வெளியே, இந்திய வகை, கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள். இரவில் டார்ச் கட்டாயம். முற்றத்தில் எருமை படுத்திருக்கும், அது நகராது, நீங்கள்தான் சுற்றிப் போகவேண்டும்.

இனி சாப்பாடு. இந்த வீட்டின் பலம் இதுதான், எனவே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

நாங்கள் போனது கேழ்வரகு அறுவடை நேரம். வீட்டு முன்னால் மூங்கில் பாயில் கதிர்கள் காய்ந்துகொண்டிருந்தன. மாமியாரும் மருமகளும் எதிரெதிரே நின்று மாற்றி மாற்றிக் கம்பால் அடித்தார்கள். தாளம் ஒருமுறைகூடத் தப்பவில்லை. திண்ணைக்கு மேலே மக்காச்சோளக் கதிர்கள் தோலைப் பின்னிக் கட்டிக் கொத்துக்கொத்தாகத் தொங்கின. இந்தச் சரிவில் அரிசி கீழ்ப் படிகளில் கொஞ்சம் விளையும். வயிற்றை நிரப்புவது கேழ்வரகும் சோளமும் உருளைக்கிழங்கும்தான்.

டிண்டோ என்று இரவில் போட்டார்கள். நான் தர்மபுரிக்காரி, களி தின்று வளர்ந்தவள். தட்டைப் பார்த்ததும் எனக்கு யாரும் விளக்கம் சொல்லவேண்டியிருக்கவில்லை. செய்முறையில் ஒரு வித்தியாசம் உண்டு: நாங்கள் நொய் போட்டுக் குழைய விட்டு மாவைக் கொட்டுவோம், இவர்கள் நொய் சேர்ப்பதில்லை. இரும்புச் சட்டியில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது ஒரு கை மாவைத் தூவி, மறு கை தட்டையான மரக்கரண்டியால் அடிமட்டத்திலிருந்து கிளறுகிறது. வீட்டம்மா சட்டியின் காதைக் காலால் ஒரு கட்டையோடு சேர்த்து அழுத்திக்கொண்டு முழு உடம்பையும் சாய்த்துக் கிளறினார். கரண்டியைத் தூக்கினால் மாவு ஒரே உருண்டையாகச் சட்டியை விட்டு வரவேண்டும், அதுதான் பதம். கட்டி ஒன்றுகூட இல்லை. திரிகையில் அன்றன்று அரைத்த மாவு என்பதால் அந்த மணம் இருக்கிறதே, கடையில் பாக்கெட் மாவு வாங்குகிற நமக்கு அது மறந்தே போய்விட்டது.

தொட்டுக்கொள்ள குந்த்ருக் குழம்பு. கடுகுக்கீரையைப் புளிக்கவைத்து வெயிலில் காயவைத்து எடுத்துவைக்கிறார்கள். குளிர்காலத்தில் பச்சை எதுவும் கிடைக்காதபோது இதுதான் காய்கறி. புளிப்பு லேசாகத் தூக்கலாக இருக்கும், முதல் வாயில் முகம் சுளித்தாலும் மூன்றாவது வாயில் இன்னும் கொஞ்சம் கேட்பீர்கள். இன்னொரு நாள் சிஸ்னு: தொட்டால் அரித்து எரியும் செடியின் கொழுந்து. இடுக்கியால் கிள்ளி, வேகவைத்து, கஞ்சிபோலக் கடைந்து தருகிறார்கள். வெந்த பிறகு அரிப்பு இல்லை, கீரை மசியலைவிட வாசனை அதிகம்.

ஒரு நாள் வாச்சிபா செய்தார்கள். ராய் மக்களின் விசேஷ உணவு. கோழிக்கறியும் அரிசியும் சேர்த்து வேகவைத்து, கோழியின் இறகைக் கருக்கிப் பொடித்ததைக் கொஞ்சம் கலக்கிறார்கள். கறுப்பாக, ஒரு கசப்போடு இருக்கும். சொன்னால் அருவருப்பாகத் தோன்றும், சாப்பிட்டால் தோன்றாது. என் வீட்டுக்காரர் சைவம். அவருக்குத் தனியாக உருளைக்கிழங்கும் ஊறுகாயும் வந்தது, முகம் கோணாமல் செய்துகொடுத்தார்கள். சைவக்காரர்கள் பயமில்லாமல் போகலாம். ஆனால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். உங்களுக்காகக் கோழி அடித்த பிறகு சொல்லாதீர்கள்.

ஜாண்ட் என்கிற கேழ்வரகுக் கள் பற்றி: வெள்ளையாக, லேசான புளிப்போடு இருக்கும். வந்தவர்களுக்கு அதைக் கொடுப்பது மரியாதை. வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வதில்லை, விரலால் தொட்டுக் கொஞ்சம் தெளித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாலும் சரி. நான் குடித்தேன். அதற்குமேல் இங்கே எழுதினால் என் நாத்தனார் படித்துவிடுவார்.

பேச்சு எப்படி நடந்தது என்று கேட்பீர்கள். வீட்டம்மாவுக்கும் எனக்கும் நடுவில் என் அரைகுறை ஹிந்தி. அவர் என்னை தீதி என்று கூப்பிட்டார். மகனுடன் பேசத்தான் அந்தக் கஷ்டம் இருக்கவில்லை. அவர் மலேசியாவில், ஜோகூரில் ஒரு தொழிற்சாலையில் சில வருஷம் வேலை பார்த்தவர். மேற்பார்வையாளர் ஒரு மலேசியத் தமிழர். முதல் நாள் மாடிப்படியில் நான் தடுமாறியபோது கீழே இருந்து "அக்கா, மெதுவா, மெதுவா" என்று ஒரு குரல். இமயமலைச் சரிவில், மேரா சிகரம் போகும் வழியில் அப்படி ஒரு குரல்! "சாப்பிட்டாச்சா", "நாளைக்கு ஓ.டி. இருக்கு", "சம்பளம் இன்னும் வரல" என்று அவருக்குத் தெரிந்த தமிழ் முழுக்கத் தொழிற்சாலைத் தமிழ். மீதியை ஹிந்தியில் சமாளித்துக்கொண்டோம். இனி அவரைத் தம்பி என்றே எழுதுகிறேன்.

அடுப்புக்கு வருகிறேன். இதைப் போகிறவர்கள் தெரிந்துகொண்டு போகவேண்டும்.

சமையல் நடப்பது கீழ்த்தளத்தில், தரையில் பதித்த அடுப்பில். மூன்று கற்கள். அந்தக் கற்களில்தான் இந்த வீட்டின் முன்னோர்கள் இருக்கிறார்கள். கிராத் சமயத்துக்குக் கோயில்தான் முக்கியம் என்று கிடையாது. அவரவர் வீட்டு அடுப்படியே போதும். அதனால் அந்தக் கற்களைக் கால் படாமல் தாண்டுவதுகூடக் கூடாது, அதில் எச்சில் துப்பக்கூடாது, ஈர ஷூவைக் காயவைக்கக்கூடாது. அடுப்புக்கு அந்தப் பக்கம், வீட்டின் உள்மூலை, வெளியாட்களுக்கு இல்லை. நாங்கள் வந்த அன்றே தம்பி எங்களை எங்கே உட்காரவேண்டும் என்று பாய் போட்டுக் காட்டிவிட்டார். அங்கேயே உட்கார்ந்தால் எல்லாம் சுகம்; தீ பக்கத்தில்தான், புகை கண்ணைக் கரிக்கும், தலைக்கு மேலே பரணில் கறி புகையில் காய்ந்துகொண்டிருக்கும். எங்களோடு அடுத்த அறையில் இருந்த மலையேறும் இளைஞர் ஒருவர் கேமராவோடு எழுந்து அந்த மூலைக்குப் போகப் பார்த்தார். தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் நடுவில் நின்றுகொண்டார். அவ்வளவுதான், பையன் உட்கார்ந்துவிட்டார்.

இப்போது ஏஜென்சி. காத்மாண்டில் தங்கியிருந்தபோது ஒரு டூர் அலுவலகத்தில் பதிவு செய்தோம். அச்சடித்த தாளில் 'ஷாமன் நைட்' என்று ஒரு வரி, தலைக்கு 8,000 நேபாள ரூபாய், நம் பணத்தில் 5,000. பழங்குடிப் பூசாரி தீயைச் சுற்றி ஆடுவார், ஆவிகளோடு பேசுவார், நீங்கள் படம் எடுக்கலாம் என்று இருந்தது. வேண்டாம் என்றோம். தொகுப்பிலேயே சேர்ந்தது, எடுக்க முடியாது என்றார்கள். சரி, ஊரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கட்டிவிட்டுக் கிளம்பினோம்.

தம்பியிடம் தாளைக் காட்டினேன். படித்துவிட்டு வெகுநேரம் சிரித்தார். அப்புறம் சிரிப்பு போய்விட்டது. இதற்குமுன் இரண்டு குழுக்கள் இதே தாளோடு வந்திருக்கின்றன. அவர்களுக்கு முன்னால் ஆட ஏஜென்சி ஆளே பஜாரிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்து இறகுத் தொப்பி போட்டு மேளம் கொடுத்திருக்கிறார். அந்த ஆள் குலுங்கும் இல்லை, பூசாரியும் இல்லை. இந்த வீட்டுக்கு அதில் ஒரு ரூபாய்கூட வரவில்லை என்பது ஒருபக்கம் இருக்கட்டும். ஊரில் உள்ளவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, நம் அடுப்புக்கு முன்னால் இப்படியா என்று தாத்தாவைக் கேட்டிருக்கிறார்கள். அதுதான் அவருக்கு வலித்தது.

நோக்சோ என்று இவர்களுடைய பூசாரிக்குப் பெயர். முன்னோர்கள் எங்கிருந்து கிளம்பி, எந்த ஆற்றைப் பிடித்து, எந்த மலையேறி இங்கே வந்தார்கள் என்கிற வரலாறு முழுக்க ரிதும் என்ற வாய்மொழிப் பாட்டில் இருக்கிறது. மற்ற ராய்கள் முந்தும் என்கிறார்கள். சடங்கில் அதைச் சொல்வது பேச்சு மொழியில் இல்லை, தனிச் சடங்கு மொழியில். எழுதிப் படித்து வருவதில்லை. வீட்டில் நோய், சாவு, அறுவடை என்று காரியம் இருந்தால்தான் அவர் வருவார். மாலை ஏழு மணி ஷோவுக்கு வரமாட்டார். திரும்பி வந்து ஏஜென்சியில் பணத்தைக் கேட்டோம். தரவில்லை.

நாங்கள் இருந்தபோதே ஒரு நிஜக் காரியம் வந்தது. புதுத் தானியத்தை வீட்டார் வாயில் வைப்பதற்கு முன் முன்னோருக்குப் படைக்கவேண்டும். அன்று காலை தம்பி வந்து, "அக்கா, இன்னிக்கு உள்ள வரவேணாம், வெளிய உட்காருங்க, கோவிச்சுக்காதீங்க" என்றார். கோபிக்க என்ன இருக்கிறது. திண்ணையில் ரஜாயைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தோம். கதவு பாதி திறந்திருந்தது. தெரிந்தது இவ்வளவுதான்: வாழையிலைத் துண்டுகள், சுரைக்குடுவையில் கள், நறுக்கிய இஞ்சி, தாத்தாவின் முதுகு. இஞ்சித் துண்டு விழும் விதத்தை வைத்து முன்னோர்கள் ஏற்றுக்கொண்டார்களா என்று பார்ப்பார்களாம். அவர் குரல் ஏற்ற இறக்கம் இல்லாமல், மூச்சு விடும் இடத்தில் மட்டும் நின்று, வெகுநேரம் போய்க்கொண்டே இருந்தது. நடுவில் ஒரு கோழி உள்ளே ஓட, பேரன் அதை விரட்ட, தாத்தா நிறுத்தாமலேயே கையால் சைகை காட்டினார். முடிந்ததும் எங்களுக்கும் புதுக் கேழ்வரகு டிண்டோ வந்தது. இதற்கு யாரும் கட்டணம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் இதை எழுதவே மாட்டேன்.

கூட்டத்தோடு பார்க்கவேண்டும், ஆடவேண்டும் என்று ஆசை இருப்பவர்களுக்கு வழி இருக்கிறது. கிராத் மக்களுக்கு வருஷத்தில் இரண்டு பருவம்: வைசாகப் பௌர்ணமியில் உபௌலி, மங்சிர் பௌர்ணமியில், அதாவது நம் கார்த்திகை வாக்கில், உதௌலி. முதலாவது விதைப்புக்கு, இரண்டாவது அறுவடைக்கு. அப்போது சாகேலா ஆட்டம் உண்டு. டோலும் தாளமும் நடுவில், ஆணும் பெண்ணும் சுற்றி வட்டமாக. கை அசைவுகள் எல்லாம் விதைப்பது, களை பறிப்பது, அறுப்பது, பறவை பறப்பது. அது எல்லோருக்கும் திறந்த மைதானம், உங்களையும் கையைப் பிடித்து இழுத்துவிடுவார்கள். அந்தத் தேதி பார்த்துப் போங்கள். நேபாளத்தில் கிராத் சமயத்தார் மொத்தத்தில் சுமார் 3 சதவீதம்தான். இங்கே வந்தால் அது தெரியாது. அதற்காக ஊர் முழுக்க ஒரே சமயம் என்றும் நினைக்கவேண்டாம். மேலே கிரவுலேயில் ஷெர்பாக்களின் கோம்பா, அதாவது பௌத்த மடம், இருக்கிறது. தசைன், அதாவது நம் தசரா, வந்தால் நெற்றியில் டீக்கா வைத்துக்கொள்ளும் குலுங் வீடுகள் உண்டு. வீட்டம்மாவின் தங்கை குடும்பம் கிறித்தவர்கள். நேபாளத்தில் சனிக்கிழமை வார விடுமுறை என்பதால் ஜெபக்கூட்டமும் சனிக்கிழமை. அந்தத் தங்கை படையல் சோறு சாப்பிடமாட்டார், ஆனால் கதிரடிக்க முதல் ஆளாக வந்து நின்றார்.

விருந்தினராகப் போய்விட்டுக் கஷ்டம் விசாரிப்பது சிலருக்குப் பிடிக்காது. இங்கே அவர்களே பேசினார்கள். முதலில் மிருகங்கள். இந்த ஊர்கள் 1992இல் வந்த மகாலு பருண் தேசியப் பூங்காவின் விளிம்பில் இருக்கின்றன. கதிர் முற்றும் நேரத்தில் குரங்கும் கரடியும் காட்டுப்பன்றியும் இறங்குகின்றன. வயலில் பரண் கட்டி ராத்திரி முழுக்கத் தகரம் தட்டவேண்டும். தட்டுவதற்கு ஆள் வேண்டுமே? இளவட்டங்கள் கத்தாரிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். பணப்பயிர் என்று கறுப்பு ஏலக்காய் போட்டார்கள், நாம் பிரியாணிக்குப் போடுகிறோமே அதுதான். விலை நன்றாக இருந்த வருஷங்கள் உண்டு. அப்புறம் சிர்கே, ஃபுர்கே என்று இரண்டு வைரஸ் நோய். செடி குட்டையாகிப் புதராகிக் காய்ப்பதை நிறுத்திவிடும். மருந்து கிடையாது, பிடுங்கி எரிக்கவேண்டியதுதான். தம்பி மலேசியாவுக்குப் போனது அப்படித்தான். இப்போது திரும்பி வந்ததற்குக் காரணம் இந்த இரண்டு அறைகள். ஆள் வந்தால் இருப்பார், வராவிட்டால் மறுபடி விமானம்.

மருமகளின் கவலை வேறு. ஊரில் சுகாதார நிலையம் இருக்கிறது. காய்ச்சலுக்கும் தடுப்பூசிக்கும் சரி. பிரசவம் சிக்கலானால் சல்லேரிக்குப் பக்கத்தில் பாப்லு மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோகவேண்டும், 1975இல் எட்மண்ட் ஹில்லாரியின் அறக்கட்டளை கட்டிக்கொடுத்தது. நாங்கள் வந்த அதே பாதை. மழைக்காலத்தில் வலி வந்தால் என்ன செய்வது என்று அவர் கேட்டபோது எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. பேரனிடம் பாட்டி குலுங்கில் பேசினால் அவன் நேபாளியில் பதில் சொல்கிறான். பள்ளிக்கூடத்தில் நேபாளியும் ஆங்கிலமும்தான். இதைப் பாட்டி சிரித்துக்கொண்டேதான் சொன்னார். தாத்தா சிரிக்கவில்லை, ரிதும் அவருக்குப் பிறகு யாருக்குப் போகும் என்பது அவருடைய கணக்கு.

தேன் வாங்கலாமா என்று நிறையப் பேர் கேட்பீர்கள். இந்தப் பள்ளத்தாக்கின் செங்குத்துப் பாறைகளில் உலகிலேயே பெரிய தேனீ கூடு கட்டுகிறது. மூங்கில் நாரில் திரித்த ஏணியில் தொங்கிக்கொண்டு புகை காட்டி எடுக்கிறார்கள். ஏறுவதற்கு முன் பாறையின் தெய்வத்துக்குப் பூசை உண்டு, பூசை இல்லாமல் யாரும் கயிற்றைத் தொடமாட்டார்கள். வசந்தகாலத் தேன்தான் போதை தருவது. மலைப்பூவரசு என்கிற ரோடோடென்ட்ரான் பூவில் உள்ள கிரயானோடாக்சின் என்ற நச்சு அதில் இருக்கிறது. அளவு மீறினால் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் இறங்கி ஆள் சுருண்டுவிடுவார். இருதய மாத்திரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நக்கிக்கூடப் பார்க்காதீர்கள். என் வீட்டுக்காரர் பிரஷர்காரர், நான் புட்டியை அவர் கண்ணிலேயே காட்டவில்லை. இலையுதிர்காலத் தேன் சாதாரணத் தேன், அதை வாங்கலாம்.

குறை என்று பார்த்தால்: அடுப்படிப் புகை. சிம்னி இல்லை. ஆஸ்துமா உள்ளவர்கள் சாப்பாட்டை மாடிக்குக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், தருவார்கள். குடிநீர் ஊற்றிலிருந்து குழாயில் வருகிறது, காய்ச்சாமல் குடிக்கவேண்டாம். அதிகாலையில் சேவல்கள் போட்டிபோடும். அதற்கெல்லாம் நட்சத்திரம் குறைக்கமாட்டேன். நான் அரை நட்சத்திரம் குறைத்தது விலைக்கு. மூன்று வேளைச் சாப்பாடு, டீ, படுக்கை எல்லாம் சேர்த்துத் தலைக்கு ஒரு நாளைக்கு 1,500 நேபாள ரூபாய், நம் பணத்தில் சுமார் 940. ஏஜென்சி எங்களிடம் வாங்கியது அதைப்போல நான்கு மடங்கு. 2,500 போடுங்கள் என்று தம்பியிடம் சொன்னேன். அதிகம் கேட்டால் வரமாட்டார்கள் அக்கா என்கிறார். டிண்டோவுக்கு மட்டுமே அந்தப் பணம் தகும்.

பதிவு செய்ய இடைத்தரகர் தேவையில்லை. சல்லேரி ஜீப் நிலையத்தில் புங் போகும் ஓட்டுநர்களைக் கேட்டால் ஊரில் எந்த வீட்டில் அறை காலி என்று போனிலேயே விசாரித்துச் சொல்லிவிடுகிறார்கள். பணத்தை வீட்டார் கையிலேயே கொடுங்கள். இந்தியர்களுக்கு விசா வேண்டாம். பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை போதும். நேபாளப் பணமாக மாற்றிச் சல்லேரியிலேயே ரொக்கமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நம் 100 ரூபாய்க்கு அங்கே 160, அது மாறாத கணக்கு. போகும்போது என்ன வாங்கிப்போவது என்று கேட்டால், பிள்ளைகளுக்கு மிட்டாய் வேண்டாம். நல்ல டார்ச் லைட்டும் பாட்டரியும் எடுத்துப்போங்கள். பரணில் ராத்திரிக் காவல் இருப்பவருக்கு உதவும். நாங்கள் கொண்டுபோனதை தாத்தா அன்று இரவே இடுப்பில் செருகிக்கொண்டு வயலுக்குக் கிளம்பிவிட்டார்.